காலி என்று காட்டிய கொம்பியூட்டர்

நாவுல வர்த்தகர் விழாவுக்குத் தலைமையேற்று, மண்டபத்தில் இருக்கும் ஒரே மெத்தைக் கதிரையையும் ஏற்றிருக்கும் ஹாஷிம் ஹாஜியார் அவர்களே! கதிரை கிடைத்த பெரியோர்களே! கிடைக்காமல் சுவரைத் தாங்கும் பெரியோர்களே! எங்களைப் பெற்றதற்காக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

பஸ்களுக்கு வயர் வேலை செய்யும் இந்த யாகூபாகிய எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். ஒன்று வணக்கத்திலேயே போய்விட்டது.

இன்று பொன்னாடை பெறும் தங்கை நூருன்னிஸா, பஸ் நிலையத்துக்கு எதிரே இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கொம்பியூட்டர் கடை நடத்துகிறார். பலாப்பலகையில் தன் கையாலேயே கொம்பியூட்டருக்குப் பெட்டி செய்தார். அழகான பெட்டி, அடக்கமான பெட்டி, அயலூரார் வந்து தட்டிப் பார்த்த பெட்டி. அதன் முகத்தில் பதிக்க, கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து மூன்று மீட்டர் கழற்றிக் கொடுத்தவன் நான். வேகம், சூடு, டீசல். எதற்கும் வயர் இல்லை. "அழகுக்குத்தானே நானா" என்றார்; அண்ணன் முறையில் என்னை அப்படித்தான் அழைப்பார்.

எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்து இரண்டு. ஈ என்றால் காலி, எஃப் என்றால் நிறைவு. டீசல் ஊசி ஈயில் படுத்திருந்தது.

பின்னால் யார், "சுருக்கமாப் பேசு" என்பது? முத்துவீரனா? உன் பஸ் ஊசியும் அங்கேதான் படுத்திருக்கிறது. உட்கார்.

சென்ற மாதம், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நான்கு மணிக்கு இணையத்தில் கதவடைப்பு. மூன்றரை மணிக்குத் தோட்டத்திலிருந்து அழகம்மா, மகள் ஹம்சிகாவோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். நின்றார்.

"தங்கச்சி, இது காலின்னு காட்டுதே."

"அது சும்மா அக்கா. உக்காருங்க."

"வா புள்ள, மாத்தளைக்குப் போவோம்."

"நாலு மணிக்கு மூடிருவாங்கம்மா" என்றார் ஹம்சிகா.

நான் குறுக்கே போனேன். "அக்கா, அது ஓடாத மீட்டர்."

"ஓடாத மீட்டர நம்பியா எம்புள்ளய அனுப்புறது?"

உண்மையைச் சொன்னேன், அமரவில்லை. உரக்கச் சொன்னேன், அமரவில்லை. ஸ்குரூ ட்ரைவரை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். ஊசியை ஈயிலிருந்து எஃபுக்குத் தள்ளினேன். அமர்ந்தார். விண்ணப்பம் போனபோது மூன்று ஐம்பத்தெட்டு.

கைதட்ட வேண்டாம். அழகம்மா பிறகு சொன்னதைக் கேளுங்கள்.

"அது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா நானா? நீங்க மாட்டினதுல எதுதான் ஓடியிருக்கு? ஆனா காலின்னு காட்டுற ஒண்ணுக்கு எதிர உக்காந்து எம்புள்ள பேர எழுத மாட்டேன்."

அவையோரே, அலங்காரம் வீண் என்பவர் யார்? வாசலில் நிறைகுடம் வைத்தோமே, அதில் யாராவது தாகம் தீர்த்தோமா? ஹாஜியாருக்கு மாலை போட்டோமே, அதனால் அவர் பூத்தாரா? வெறுங்குடம் எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பும் ஊர், வெற்று ஊசிக்கு எதிரே பிள்ளையின் வாழ்க்கையை எழுதுமா? அழகுக்கு வைப்பதானாலும் நிறைத்து வையுங்கள். ஓடாததானாலும் நிறைத்து வையுங்கள். அதற்கு எதிரே யாருடைய பிள்ளை வந்து அமரும் என்று மாட்டுகிறவனுக்குத் தெரியாது!

நேற்று ஹம்சிகாவுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அழகம்மா கடைக்கு வந்தார். என்னையும் பார்க்கவில்லை, நூருன்னிஸாவையும் பார்க்கவில்லை. பெட்டிக்கு எதிரே நின்று, கடிதத்தில் மகளின் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

பொறுத்த சபைக்கும், ஒலிவாங்கியைப் பிடுங்காத ஹாஜியாருக்கும் நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன்.