ஊர் கேக்காத பாறை

நம்ம பாட்டனுக்குப் பாட்டனெல்லாம் பொறக்காத காலம். பூலாங்கரடுங்குற ஊர்ல மொக்கையன்னு ஒருத்தர் இருந்தாராம். பாளையக்காரர் படையில இருவது வருசம் வேல் பிடிச்ச ஆளு. போதும்டா சாமின்னு ஊருக்கு வந்து, ரெண்டு மாடு வாங்கி, கம்பு வெதைச்சுப் பொழைச்சாராம்.

அப்பல்லாம் மலைக் கணவாய்க்கு அங்கிட்டிருந்து ஆளுக வருவாகளாம். கதிர அறுத்துக் களத்துல சேத்ததும் வருவாகளாம். மொத வருசம் வந்தாக, தவசம் தானியத்த அள்ளிட்டுப் போனாக. மறுவருசம் வந்தாக, தடுத்தவன அடிச்சுப் போட்டுட்டு அள்ளிட்டுப் போனாக. மூணாம் வருசம் வந்தாக, குடிசைக்குத் தீ வச்சாக. அந்தத் தீயில மொக்கையனோட தங்கச்சியும் அவ கைக்கொழந்தையும் போயிட்டாகளாம்.

ஊர்த்தலைவரு சின்னாண்டி, மொக்கையனுக்குத் தாய்மாமன். அடுத்த அறுப்பு நெருங்கவும், சண்டைக்கு நீதான் முன்ன நிக்கணும்னு வந்து கூப்பிட்டாராம். இவரு வேணாம்னாராம். ஆள் விட்டுப் பேசிப் பாப்போம்னாராம். பேசப் போன ஆளு திரும்பி வரல. பொணந்தான் வந்துச்சாம். அதுக்கப்புறந்தான் பரண்ல கெடந்த வேல எடுத்தாராம்.

அறுப்பு முடிஞ்சு அவுக வரவும், நம்ம ஊரு ஆளுக கணவாயில மறிச்சாக. பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் பதினோரு பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு விழுந்தாக. அங்க ஒரு பாறை ஓரத்துல அவுக ஆளு ஒருத்தன் உசுரு போகாமக் கெடந்தானாம். மொக்கையன் பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்துனாராம்.

"எங்க ஊர்ல மழை பேஞ்சு நாலு வருசமாச்சு"ன்னானாம் அவன். அம்புட்டுத்தான். போயிட்டான்.

ஊர்ல மாலையோட நின்னாக. மொக்கையன் வாங்கிக்கல. மாமனுக்குச் சங்கடமாப் போச்சாம்.

"நாம செஞ்சது தப்பா மாப்ள?"

"தப்பில்ல மாமா. வேற வழி இல்லாமப் போச்சு. ஆனா நல்ல காரியம்னு மட்டும் சொல்லாதீக." அப்புறம், "மொத வருசமே அவுக வந்து தவசம் கேட்டிருந்தா, நாம குடுத்திருப்போமா?"ன்னாராம்.



அந்தப் பதினோரு பேரையும் அந்தக் கணவாய்ப் பாறைக்கடியில அவரே குழி வெட்டிப் பொதச்சாராம். அப்புறம் சாகுற வரைக்கும், ஒவ்வொரு அறுப்புக்கும் கூழு காய்ச்சி எடுத்துக்கிட்டு அங்க போயி உக்காருவாராம். வழியில வர்றவுகளுக்கு ஊத்துவாராம்.

இன்னைக்கும் அறுப்பு முடிஞ்சா மொதக் கூழு அந்தப் பாறைக்குத்தான் போகுது. கொட்டு கெடையாது, குலவை கெடையாது. யாரு வந்தாலும் ஊத்துவாக. எந்த ஊருன்னு மட்டும் கேக்க மாட்டாக. அதனாலதான் அதுக்கு ஊர் கேக்காத பாறைன்னு பேரு.