நாற்பத்து நாலாவது சுற்று

புதிதாகப் போட்ட தார்ச்சாலை ஸ்கேட்டிங் சக்கரத்துக்கு ஆகாது இன்ஸ்பெக்டர் மேடம். பார்க்க வழவழவென்று இருக்கும். வெயில் ஏறினால் இளகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் பார்த்த சாலைதான் நல்லது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் அப்படி ஒரு இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. குழி கிடையாது, ஜல்லி பெயரவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான்.

என் பெயர் கோகிலவாணி. வயது இருபத்தாறு. ஊர் கருணாபுரம். அப்பா இல்லை. அம்மா செல்லியம்மாள் கூலி வேலைக்குப் போகிறார். தேவிப்ரியாவும் நானும் ஆறாவதிலிருந்து ஒரே வகுப்பு. பள்ளியில் இருந்த பழைய ஸ்கேட்டிங் ஷூக்களை முதலில் மாட்டிப் பார்த்தவர்கள் நாங்கள் இருவரும்தான். அவளுக்கு நைனார்பாளையம். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவர்கள் நிலத்தில் கிழங்கு காயவைக்கும் பெரிய சிமென்ட் களம் உண்டு. பத்து வருடம் நாங்கள் ஓடியது அந்தக் களத்தில்தான். அவள் அண்ணன் இளவரசனும் எங்களோடு ஓடுவார். அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. தனித் தட்டு வைக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேறு காரணம் தேடி நீங்கள் அலைய வேண்டாம்.

பனிக்கு வந்தது பிறகுதான். சக்கரத்தில் நன்றாக ஓடுகிறவர்களைப் பொறுக்கி வடக்கே ஒரு மலை நகரத்துப் பனி அரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து நாங்கள் மூவர், சங்கராபுரத்திலிருந்து ஷாலினி என்று ஒரு பெண். ஐஸ் கட்டியைச் சர்பத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அதன் மேல் நிற்க நான்கு நாள் ஆனது. மூன்றாம் வருடம் தென்மாநிலப் பெண்களில் யாரும் என் முன்னால் இல்லை.

நார்வேயில் நடக்கவிருந்த சர்வதேச ஆல்ரவுண்ட் போட்டிக்குப் போன டிசம்பரில் தேர்வு வைத்தார்கள். ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர். ஆல்ரவுண்ட் என்றால் நான்கு தூரம். பெண்களுக்கு ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம், ஐயாயிரம் மீட்டர். ஆண்களுக்குக் கடைசியில் பத்தாயிரம் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு மீட்டருக்குச் சராசரியாக எத்தனை விநாடி என்று பார்த்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் ஜெயித்தவர். எதிலும் முதலாவதாக வர வேண்டியதில்லை, எதிலும் சொதப்பக் கூடாது. என் குணத்துக்கு ஏற்ற போட்டி அது.

மூன்று தூரம் முடிந்தபோது தேவிப்ரியாவைவிட நான் முன்னால் இருந்தேன். ஐயாயிரம் மட்டும் பாக்கி. அந்தச் சின்ன அரங்கத்தில் ஐயாயிரத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. ஓடுகிறவளால் எண்ண முடியாது. இன்னும் எத்தனை சுற்று என்று எண் அட்டையைக் காட்ட ஒருவர் ஓரத்தில் நிற்பார். எனக்கு நின்றவர் இளவரசன் அண்ணன். இப்போதும் அண்ணன் என்றுதான் வாயில் வருகிறது. ஆண்கள் பிரிவில் அவர் முதல்நாளே தேர்வாகியிருந்தார்.

அட்டையில் ஒன்று என்று பார்த்தேன். மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் அந்தச் சுற்றில் கொட்டினேன். கோட்டைத் தாண்டி நிமிர்ந்து, முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கும்போது கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. நான் முடித்திருந்தது நாற்பத்து நாலு. மறுபடி குனிந்து கிளம்பக் காலில் ஒன்றுமில்லை. அதில் போனது நான்கு விநாடிக்கு மேல் இருக்காது. பத்தால் வகுத்தால் புள்ளி நான்கு. மொத்தத்தில் புள்ளி இரண்டில் தேவிப்ரியா ஜெயித்தாள். அண்ணன், தங்கை இருவரும் நார்வேக்கு. நான் மாற்று வீராங்கனை.

நான் அழவில்லை. ரயிலில் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் தேவிப்ரியா என் வேலையிடத்துக்கு வந்தாள். துணிக்கடையில் பில் போடும் இடத்துக்கு எதிரே நின்றுகொண்டு, கூடப் பயிற்சிக்கு வரச் சொன்னாள்.

“அண்ணன் உங்கூடப் பேசணும்னு சொல்லிக்கினே இருக்காரு டி.”

“பேச இன்னா இருக்குது? ஓட்டந்தானே முக்கியம். வரேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெரிய மனசு என்று அவள் அப்பா நாலு பேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை மேடம். இதில் நீங்கள் குழம்பக் கூடாது. அண்ணனை ஏதாவது செய்தால் அவருக்கு ஒருநாள் வலி. தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தினமும் வலி. அவ்வளவுதான் நான் யோசித்தது.

மலைச் சாலையை நான்தான் சொன்னேன். பனியில் வரும் வேகம் சமதரையில் சக்கரத்துக்கு வராது, இறக்கத்தில் வரும், வளைவில் சாய்ந்து ஓடப் பழகலாம் என்றேன். அது பொய்யில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறி வரும் வண்டி மேலிருந்து வருகிறவளுக்குத் தெரியாது. அதனால் வளைவில் ஒருவர் நிற்க வேண்டும். நான் நிற்பதாகச் சொன்னேன். ஒரு கையைத் தூக்கினால் வரலாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலக் கோத்தால் வரக் கூடாது. அண்ணன் கீழே ஜீப்போடு, ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பார். அவரிடமிருந்து எங்களுக்குத் தகவல் வர வழியில்லை. அந்த இடத்தில் செல்போன் எடுக்காது.

பதினோரு நாள் சரியாகக் கை காட்டினேன். பஸ் வந்தால் நிறுத்தினேன், பைக் வந்தால் நிறுத்தினேன். ஒருநாள் ஆட்டு மந்தைக்காகக் கால்மணி நேரம் நிறுத்தி வைத்தேன். தண்ணீர் குடிக்கும்போது தேவிப்ரியா சொன்னாள்: “நீ நிக்கறங்காட்டிதான் டி நான் பிரேக்கே போடாம வரேன்.” எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கிழங்கு ஏற்ற மேலே போகும் காலி லாரி ஒன்று அண்ணனைத் தாண்டி ஏறியது. மேலே நான் இருக்கிறேன் என்று அவர் கவலைப்படவில்லை. லாரிக்காரர் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தார். முதல்முறை உங்களிடம் ஹாரன் கேட்கவில்லை என்றேன். நன்றாகக் கேட்டது. காலி லாரி வளைவை அகலமாக எடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மேலே பார்த்தேன். தேவிப்ரியா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கையைத் தூக்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. ஹெல்மெட் மட்டும் கொஞ்ச தூரம் உருண்டது. நான் ஓடிப்போய் அவள் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உயிர் பிழைத்தது அதனால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி வராது. இந்த எட்டு மாதமும் நான் தினமும் நைனார்பாளையம் போகிறேன். தலை வாரிவிடுவேன், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுவேன். அவள் அம்மா என்னைச் சாமி என்று கும்பிட்டார். மாற்று வீராங்கனை என்று நார்வேக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. நார்வேயில் போட்டி நடந்த அன்று அவள் பார்க்க ஆசைப்பட்டாள். சாயங்காலம் மூவருமாகக் கட்டிலருகே செல்போனில் பார்த்தோம். பெண்களின் ஐயாயிரம் ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரத்தில் ஒருவர் குனிந்து அட்டை காட்டினார். தேவிப்ரியா ஓட்டத்தைப் பார்த்தாள். நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். போட்டிக்குப் போகாமல் தங்கை காலடியில் உட்கார்ந்திருந்த அவர், அட்டை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலை எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு மாலை எனக்கு அதற்கு முன்பு வாய்த்ததில்லை.

லாரி ஓட்டிய மாயவன் உங்களிடம் சொன்னது உண்மைதான். அவர் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள்: “அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சுங்க. பாத்துட்டுத்தான் கையத் தூக்குச்சு. என்னத்தான் நிக்கச் சொல்லுதுன்னு நெனச்சு பிரேக்க மிதிச்சேன்.” அவர் மிதிக்காமல் இருந்திருந்தால் தேவிப்ரியா அன்றே போயிருப்பாள். நான் காட்டிய கையை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார், அதில் ஒரு உயிர் தப்பியது. அவர் இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்தார். அதற்கு வருத்தப்படுகிறேன். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நேற்று நீங்கள் ஒரு வீடியோ போட்டுக் காட்டினீர்கள். தேர்வு நடந்த அன்று ஷாலினி எடுத்தது. குளிரில் ஈரம் பட்டு இரண்டு அட்டை ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. இளவரசன் அண்ணன் புரட்டுகிறார், இரண்டும் சேர்ந்து போகின்றன. உடனே தெரிந்துவிடுகிறது. அட்டையைப் போட்டுவிட்டு, என் பெயரைக் கத்திக்கொண்டு ஓரமாகவே ஓடி வருகிறார். வழுக்கி விழுகிறார், எழுந்து மறுபடி ஓடுகிறார். இதைப் பார்த்து நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். அந்த வீடியோ டிசம்பரிலேயே எனக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஷாலினி அனுப்பினாள். பார்த்தேன். அழித்துவிட்டேன்.

கைத்தவறு என்று தெரிந்த பிறகும் ஏன் என்று கேட்கிறீர்கள். கைத்தவறு என்றால் எனக்குக் கிடைப்பது என்ன மேடம்? பதினைந்து வருடம் ஓடியிருக்கிறேன். அது இரண்டு ஈர அட்டையால் போனது என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது? யாரோ ஒருவர் செய்ததாக இருந்தால்தான் எனக்கு மறுநாள் எழுந்திருக்க முடியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரி பிறப்பதற்கு முன்னால் இளவரசன் அண்ணன் கருணாபுரத்துக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை எங்கள் வாசலில், தெருமண்ணில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே வந்து சொன்னார்:

“அந்தத் தம்பி அழுவுது. உங்கிட்ட ஒரே ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேங்குது. இன்னா சொல்லட்டும்?”

நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் கேட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன், என் மனசு எனக்குத் தெரியும். அதனால்தான் மேடம், நான் கதவைத் திறக்கவில்லை.