அங்கிட்டு ஆள் இருக்கா?

ஆண்டிச்சாமி: …அது இல்ல மச்சான். நான் வந்தது ஒங்க மகன் தங்கமுத்து விசயமா. சப்பான்காரன் வந்ததுலேருந்து, பினாங்குக்குப் பொழைக்கப் போன புள்ளகிட்டேருந்து தகவலே இல்ல. எம் மக இருளாயி புருசன் வருவான்னு எத்தன காலத்துக்கு…

வீரய்யா: அத அப்பறம் பேசலாம் மாப்புள. பொட்டணத்தக் கீழ வச்சிட்டுக் கம்மாக் கரையில ஒக்காரு. வானத்துல ஆள் இருக்குன்னு சந்தையில சொன்னியாமே?

ஆண்டிச்சாமி: நான் சொல்லல. குளத்தூரு வாத்தியாரு சொன்னாரு. ஒவ்வொரு நச்சத்திரமும் ஒரு சூரியனாம். அதச் சுத்தி நம்ம பூமி மாதிரி இருந்தா, ஆளும் இருக்கலாமாம்.

வீரய்யா: அந்தாளு போன ஐப்பசியில மழ கொட்டும்னாரு. நாத்து கருகுனதுதான் மிச்சம்.

ஆண்டிச்சாமி: கேளுங்க மச்சான். இந்தக் கம்மா சித்திரையில வெடிச்சுக் கெடந்துச்சு. தண்ணி வந்ததும் மீனு வந்துச்சுல்ல? யாரு கொண்டாந்து விட்டா?

வீரய்யா: வந்துச்சு. எந்த அயிரையாச்சும் ஒன்னயக் கூப்புட்டுப் பேசுச்சா?

ஆண்டிச்சாமி: இம்புட்டுச் சூரியன் இருக்கு… ஒண்ணுலகூடவா பேசத் தெரிஞ்ச சாதி இருக்காது?

வீரய்யா: குடுமியான்மலை மேல வெளக்கு ஏத்துனா இங்க தெரியுது. அங்கிட்டு ஆள் இருந்தா இந்நேரம் ஒரு வெளக்குக் காட்டியிருக்க மாட்டானா? சத்தம் இல்லேன்னா ஆள் இல்ல. அம்புட்டுத்தான்.

ஆண்டிச்சாமி: அப்புடி அடிச்சுச் சொல்லாதீங்க…

வீரய்யா: சொன்னா என்ன?

ஆண்டிச்சாமி: தூரம் மச்சான்! அந்தா கெளம்புதே ஒரு நச்சத்திரம், அதோட வெளிச்சம் நம்ம பாட்டன் காலத்துல பொறப்பட்டதாம். அவனும் கூப்புட்டுருப்பான். இன்னும் வந்து சேரல. சத்தம் வரலேன்னா ஆளே இல்லேன்னு ஆயிருமா?

வீரய்யா: ஆகாதா?

ஆண்டிச்சாமி: ஆகாது.

வீரய்யா: இன்னொருக்காச் சொல்லு.

ஆண்டிச்சாமி: ஆகாதுங்கறேன்ல!

வீரய்யா: பினாங்கு எம்புட்டுத் தூரம் மாப்புள?

ஆண்டிச்சாமி: கப்பல்ல ஏழெட்டு நாளு…

வீரய்யா: பொட்டணத்துல என்ன?

ஆண்டிச்சாமி: …கோடிச் சேல, மச்சான். வெள்ள. ஒங்க பங்காளிகதான்… அமாவாசைக்குத் தங்கமுத்துக்குக் கருமாதி வச்சிரலாம், இருளாயி தாலி எறக்கிக் கட்டிக்கப் பொறந்த வீட்டுக் கோடிய எடுத்தாந்துருன்னு…

வீரய்யா: நீ கரையேறுறப்பவே தெரியும். எம் மகன் உசுரோட இருக்கான்னு நான் சொன்னா, பெத்தவன் பொலம்புறான்னு தள்ளிருவீங்க. அதான் இல்ல இல்லன்னு நின்னேன், சத்தம் வரலேன்னா ஆள் இல்லேன்னு ஆகாதுன்னு ஒன் வாயால வரட்டும்னு. தூக்கிட்டுக் கெளம்பு. வீட்டுப் பக்கம் வேணாம், இருளாயி அடுப்படியில நிக்கிறா. வாய்க்கா வழியாப் போ.