கோசி விட்ட பிழைகள்

— அப்ப இந்தப் பொம்மப்புள்ள வேணும்னுதான் பிழை விடுதா, தாரிணி மேடம்?

— ஆமா கோசலாக்கா. அந்தக் கம்பெனி ஆப்போட விசேஷமே அதுதான். ஆப் எதையும் சொல்லித் தராது. இந்த மக்குப் பொண்ணு வந்து கணக்கைத் தப்பா சொல்லும். படிக்கிற குழந்தை அதைத் திருத்தணும். திருத்தித் திருத்திக் குழந்தைக்கே வந்துடும். அய்யோ, டீயை அந்தப் பேப்பர் மேல வைக்காதீங்க. வக்கீல் நோட்டீஸ் அது.

— நோட்டீஸா? நமக்கா?

— நமக்குத்தான். நம்ம ஆப்லயும் ஒரு குரங்கு தப்புத் தப்பா சொல்லுதுல்ல? அந்த யோசனைக்கு அவங்க பேடன்ட் வாங்கி வச்சிருக்காங்க. அதாவது, இது எங்க மூளையில பொறந்தது, வேற யாரும் தொடக்கூடாதுன்னு சர்க்கார் குடுத்த பத்திரம்.

— யோசனைக்குமா பத்திரம்? காணிக்குத்தானே குடுப்பாங்க!

— இதுக்கும் குடுப்பாங்க. அஞ்சு மணிக்குள்ள நம்ம வக்கீல் பதில் போடணும். அவங்களுக்கு முன்னாடியே வேற யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்கன்னு காட்டிட்டா அந்தப் பத்திரம் செல்லாது. காட்டலைன்னா ஆப்பை மூடணும். இந்த ஆஃபீஸ்ல பதினொரு பேர் விசாவும் கேன்சல். உங்களுதும் சேர்த்துத்தான்.

— எந்த வருசத்துக்கு முந்தி செஞ்சிருக்கணும்?

— ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. ஏன்க்கா?

— இந்தப் பொம்மைக்குக் கீழ கோசின்னு போட்டிருக்கு.

— ஏதோ ஒரு பேரு வைக்கணுமில்ல.

— இந்த நாட்டுக்கு வந்த புதுசுல, அல் ஐன்ல நான் வேல செஞ்ச வீட்டுல என்னைய அப்புடித்தான் கூப்புடுவாங்க. ஒத்தச் சடை, மஞ்ச கவுனு, கையில கொப்பி. எல்லாம் அப்ப நான் இருந்த மாதிரியே இருக்கு. மேடம், இந்தப் பத்திரத்த எழுதி வாங்குனது யாருன்னு பேரு இருக்குமா?

— ஒரு நிமிஷம்... கண்டுபிடிச்சவர்... தன்யா சேதுமாதவன்.

— தன்யாவா? நம்ம தன்யாவா!

— அக்கா? மொதல்ல உக்காருங்க. தெரியுமா இவங்களை?

— கண்ணாடி போட்டிருக்கா? சின்னதுலயே போடச் சொன்னாரு டொக்டர். ஒளிச்சு வச்சிரும்.

— போட்டிருக்காங்க. இந்தாங்க போட்டோ, பாருங்க.

— அப்புடியா! எம்புட்டு வளந்திருச்சு!

— அக்கா, எனக்குப் பொறுக்கல. மொதல்லேர்ந்து சொல்லுங்க.

— சொல்ல என்ன இருக்கு? அந்த வீட்டுப் புள்ளதான். எட்டு வயசு அப்ப. நான் சமையலறையில நிப்பேன். இது வந்து, கோசி, ஏழு தடவ எட்டு எத்தனைன்னு கேக்கும். அம்பத்தி நாலும்பேன். தரையில உருண்டு உருண்டு சிரிக்கும். செவப்புப் பென்சிலால என் கொப்பியில பெரிசா ஒரு பிழைக் குறி போடும். பொறகு உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கும்.

— அந்த நோட்டு எங்க இப்போ?

— பையிலதான். எங்க போனாலும் கூடவே வரும். யாருக்கும் காட்டுனதில்ல... சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல. குடுங்க. கடவுளே, தேதியெல்லாம் இருக்கே! ரெண்டாயிரத்து ஏழு, மார்ச்!

— திகதி போடாட்டி அந்த டீச்சர் கரண்டியால அடிக்கும்.

— இருங்க, இருங்க. இந்தப் பக்கத்துல அவ கையெழுத்துலயே அம்பத்தி நாலுன்னு இருக்கு.

— மொதல்ல அப்புடித்தான் சொல்லுச்சு.

— ரெண்டு வாரம் கழிச்சு அவ பண்ணின தப்பை அவளுக்கே திருப்பிச் சொல்லியிருக்கீங்க! பேடன்ட்ல மூணாவது பாயின்ட்டே இதுதான்க்கா. குழந்தையோட பழைய தப்பையே பொம்மை எடுத்துச் சொல்லணும். வேற யாராவது பாத்தாங்களா? அதுவும் முக்கியமான பாயின்ட். ரகசியமா செஞ்சது செல்லாது.

— பாக்காமயா? பின்னேரம் ஸ்கூல் விட்டு வந்தா பில்டிங் புள்ளைக அம்புட்டும் கோசியத் திருத்த வந்திரும். அதோட அம்மா ஷியாமளா மேடம், பக்கத்து வீட்டு ஆளுகளையும் கூப்புட்டுக் காட்டுவாங்க. எங்க கோசி என்னமா நடிக்கிறா பாருங்கன்னு.

— இது போதும். வக்கீலுக்கு வாய்ஸ் போடறேன். கலீல் ரஹ்மான் சார், ஆள் கெடைச்சாச்சு! வேற எங்கயும் இல்ல, நம்ம பேன்ட்ரியிலயே, டீ போடற அக்கா!

— மேடம், அந்தப் புள்ளைக்கு என்னா ஆகும்?

— பத்திரம் போயிடும். அது அவ யோசனையே இல்லையே. நீங்க செஞ்சதைத் தூக்கித் தன் பேர்ல எழுதிக்கிட்டா.

— அப்புடிச் சொல்லாதீங்க. காச்சல் வந்தா என் மடியிலதான் படுக்கும்.

— அந்த மடிக்காரி பேரை ஒரு மக்குப் பொம்மைக்கு வச்சிருக்கா!

— அந்தப் பொம்ம கடைசி வர மக்காவேதான் இருக்குமா?

— இல்ல... கடைசி லெவல்ல பாஸ் பண்ணிடும். பட்டம் வாங்கறவங்க போடற தொப்பி போட்டுக்கிட்டுக் குதிக்கும்.

— அப்புடியா! தொப்பியெல்லாமா?

— அக்கா, கலீல் சார் எழுதி அனுப்பிட்டார். மணி நாலரை. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.

— என்னா எழுதியிருக்குன்னு வாசிங்களேன்.

— தமிழ்ல சொல்றேன். 'கோசலா ஆகிய நான், சரியான விடை தெரிந்திருந்தும், குழந்தை திருத்திக் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக வேண்டுமென்றே தவறாகச் சொல்லிவந்தேன்.' இந்த ஒரு வரியிலதான் கேஸே நிக்குது. வேணும்னே சொன்னாத்தான் அது யோசனை. இல்லைன்னா வெறும் தப்பு.

— வெறும் பிழையா இருந்தா?

— நமக்கு எதுக்கும் ஆகாது. ஏன்க்கா பேனாவைக் கீழ வச்சுட்டீங்க?

— நான் தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல மூணாம் வகுப்போட நின்னவ, மேடம். அந்த வீட்டுல எல்லாரும் நடிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. வெக்கத்துல நானும் வாயத் தொறக்கல. இப்ப உங்ககிட்டயுந்தான்.

— அப்போ... அந்த அம்பத்தி நாலு?

— அது பிழையா சொல்லிக் குடுத்துச்சு, நான் அப்புடியே படிச்சேன். பொறகு ஸ்கூல்ல அதைத் திருத்துனாங்க. வந்து என்னையத் திருத்துச்சு. இந்தக் கையெழுத்தே அது சொல்லிக் குடுத்ததுதான்.

— அக்கா, இதை யாரும் வந்து தோண்டப் போறதில்ல. உங்க விசாவும் இதுல இருக்கு. போட்டுடுங்க.

— எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல, மேடம். நான் தெரியாம விட்ட பிழையப் பாத்து, கோசி நமக்காகத்தான் வேணும்னு பிழை விடுறான்னு நெனச்சுதே ஒரு புள்ள... அப்ப அந்த யோசனை யாரு மூளையில பொறந்தது?