என் மகள் முடித்த முயல்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா அவர்களே, விழாக்குழுப் பெரியோர்களே, கைப்பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, என் மகளோடு ஒரே பெஞ்சில் இடித்து நெருக்கி உட்கார்ந்து படித்த கண்மணிகளே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். 'கயிற்றை இழுத்துப் படத்தைத் திறந்துவைத்துவிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க' என்றார்கள். நான் பேசிவிட்டுத்தான் திறப்பேன்.

என்ன தம்பி? 'சத்தமா பேசுங்கக்கா'வா? சத்தம் போடத்தானே வந்திருக்கிறேன்!

இந்தத் துணிக்குப் பின்னால் என் மகள் கடைசியாக வரைந்த நீர்வண்ணப் படம் இருக்கிறது. மாதுளை, திராட்சை, பாதி உரித்த ஆரஞ்சு. பக்கத்தில் ஒரு பூனை, ஒரு முயல். அடியில் ஓர் அட்டை. காலையில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'முற்றுப்பெறாத ஓவியம்' என்று போட்டிருக்கிறது. செயலாளர் தம்பியைக் கேட்டேன். "முயலுக்குக் கலர் அடிக்கிறதுக்குள்ள காய்ச்சல் கொண்டுபோயிருச்சேம்மா" என்று கண் கலங்கினார்.

நல்ல மனசு. ஆனால் தப்பு. நானும் செய்த தப்பு.

மூன்று நாள் எங்கள் சாப்பாட்டு மேசை அவள் வசம். நாங்கள் தரையில் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு முயல் திராட்சையில் பாதியைத் தின்றுவிட்டது. "டேய், நீ படத்துல இருக்கணும், பழம் உன் வயித்துல இருக்கக் கூடாது!" என்று அதனோடு அவளுக்குச் சண்டை. சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் பார்த்தேன். மாதுளை சிவப்பு, பூனை சாம்பல். முயல் இருந்த இடத்தில் வெறும் தாள்!

"ஏண்டி, முயலுக்கு மட்டும் சாயம் தீந்துபோச்சா?"

"அம்மா, இந்த வண்ணத்துல வெள்ளையை அடிக்க மாட்டோம். தாளையே விட்டுவைக்கணும். சுத்தி நிழல் போட்டிருக்கேன் பாரு. கைதவறி ஒரு சொட்டு விழுந்தாலும் முயல் போச்சு!"

அப்போதுதான் காது தெரிந்தது, முதுகு தெரிந்தது. பிறகு மூலையில் தன் பெயரை எழுதினாள். கலங்கிய தண்ணீரைக் கொட்டினாள். தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தாள். முடிக்காதவளா பெயர் எழுதுவாள்? முடிக்காதவளா தண்ணீரைக் கொட்டுவாள்? காய்ச்சல் வந்தது அடுத்த வாரம், ஐயா!

என் மகளின் ஆயுள் முற்றுப்பெறாமல் போயிற்று என்று சொல்லுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அவள் வேலை முற்றுப்பெறவில்லை என்று சொன்னால், நிமிர்ந்து நின்று மறுப்பேன்! பதினேழு வயதில், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவள் அவள். இரக்கப்பட்டு அவளைக் குறைத்துவிடாதீர்கள்.

தலைவர் ஐயா, அந்த அட்டையை எடுக்கச் சொல்லுங்கள். அவள் பெயர் மட்டும் இருக்கட்டும். அதுவரை இந்தக் கயிற்றை இழுக்கமாட்டேன். நாள் முழுக்க இஸ்திரி மேசை முன்னால் நிற்கிறவள் நான், எனக்குக் கால் வலிக்காது. நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

காத்திருக்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.