ஒரு வருடமாக வீட்டுக்கு வராதவர்

என் பெயர் ராலிட்சா, தந்தை பெயர் இலியா, வயது பதினாறு. பிளோவ்திவ் பழைய நகரில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மஞ்சள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். பள்ளியில் படிக்கிறேன், அதாவது போய் வருகிறேன். என் தாயார் பக்கத்தில் இருக்க, உதவி ஆய்வாளர் கேட்க, இதைச் சொல்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் பின்லாந்துத் தம்பதி இன்று சாயங்கால பஸ்ஸில் ஊரைவிட்டுப் போக வேண்டியவர்கள் என்பதால் சீக்கிரம் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் யாரையும் கடத்தவில்லை.

எங்கள் மாடி வீட்டு ஸ்தமாத் மாமா போன வருடம் இறந்தார். ஊர் வழக்கப்படி, வருட நினைவுக்கு அவர் படம் போட்ட அஞ்சலி நோட்டீஸை அவர் மனைவி பெங்கா அத்தை வாசல் கதவிலும் தெரு மரங்களிலும் ஒட்டியிருந்தார். இன்று காலை நான் வாசற்படியில் இருந்தபோது மேற்படி தம்பதி பெந்தியும் ரீத்தாவும் கதவின் முன் வந்து நின்றார்கள். நம் எழுத்து அவர்களுக்குப் படிக்க வராது.

"வழியெல்லாம் இவர் மூஞ்சிதான். யாரும்மா இவரு?" என்று ரீத்தா ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு வருஷமா வீட்டுக்கே வரலீங்க," என்றேன். இதில் பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

"ஐயோ. அவர் சம்சாரம்?"

"தினமும் ஜன்னல்லயே நிக்கிறாங்க."

அதன் பிறகு ரீத்தா, தன் அப்பா மறதி நோயில் ஒருநாள் செருப்புகூடப் போடாமல் வெளியே போனதாகவும், கடைசியில் ஏரிக்கரையில்தான் கிடைத்ததாகவும் சொன்னார். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். (இந்த இடத்தில் தாயார் என்னைக் கிள்ளினார்.)

அதன் பிறகு அவர்கள் ரோமானிய அரங்குக்குப் போகவில்லை, மதியம் சாப்பிடவும் இல்லை. போனில் எடுத்த படத்தைச் சந்து சந்தாகக் காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத தெருக்காரர்கள் படத்தைப் பார்த்து, இறந்தவருக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இவர்கள் அதை நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

அதன் பிறகு பூங்காவில், ஸ்தமாத் மாமாவோடு இரட்டையாகப் பிறந்த, அச்சாக அவர் முகமே உள்ள தம்பி பகடை ஆடிக்கொண்டிருந்தார்; நாவும் என்பது அவர் பெயர். அண்ணன் சாவுக்கும் வராதவர். ரீத்தா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"விடும்மா! ஜெயிக்கிற ஆட்டம்மா இது!"

"போடா நாவும், வெளிநாட்டுச் சம்பந்தம் தேடி வந்திருக்கு!" என்று கூட ஆடியவர்கள் கத்தினார்கள். நான் மரத்துக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவரைப் பிடித்து எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மேலே பெங்கா அத்தை ஜன்னலில் நின்றார். பார்த்ததும் "வந்துட்டியா?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு யாரென்று தெரிந்துகொண்டு ஜன்னலைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது. நாவும் மாமா போலீசைக் கூப்பிட்டார்.

காலாட்டாமல் உட்காரும்படி அதிகாரி இரண்டாம் முறையாகச் சொல்கிறார். முடியவில்லை.

படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று சற்று முன் நான்தான் ரீத்தாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ அந்தம்மா யாருக்காக ஜன்னல்ல நிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மேலே உள்ளதைப் படித்துக்காட்டக் கேட்டேன், எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. பெங்கா அத்தை ஜன்னலில் நிற்பதாக நான் சொன்னதும் உண்மை. அதை விளையாட்டாகச் சொன்னேன் என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளவும்.

(ஒப்பம்) ராலிட்சா