அப்பா அறையில் இருந்த கம்ப்யூட்டர்

படுத்த படுக்கையாக உள்ள பெரியவரின் மகள், வயது 43, அச்சகத்தில் பிழை திருத்துபவர், அண்ணன் வீட்டு மாடியில் குடியிருப்பவர், விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்படி வீட்டு மாடியில் தனியாக வசித்து வருகிறேன். கீழே என் அண்ணன், அண்ணி, அப்பா ஆகியோர் உள்ளனர். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. காலையில் அப்பாவைப் பார்த்துக்கொண்டே அவர் அறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரிலும், பிறகு மாடியில் என் கம்ப்யூட்டரிலும் வேலை செய்வேன். அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவதும் விரிப்பு மாற்றுவதும் அண்ணன், அண்ணி பொறுப்பு. ஒன்றில் திருத்திய பக்கம் மற்றதில் திருத்தாமல் கிடந்து அச்சகத்தில் திட்டு வாங்கியதால், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் கம்ப்யூட்டரையும் சேர்த்து மூன்றையும் இணைத்து, என் பக்கங்கள் உள்ள ஃபோல்டரை மூன்றுக்கும் பொதுவாக்கி, ஒன்றில் போட்டால் மூன்றிலும் வரும்படியும், ஒன்றில் அழித்தால் மூன்றிலும் அழியும்படியும் செய்து கொடுத்தார்.

சம்பவத்தன்று கீழே வேலையை முடித்து, பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். அதன் பிறகு என் கம்ப்யூட்டரில், என் பக்கங்களுக்கு நடுவே 'காமெடி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கக் கண்டு திறந்தேன். அண்ணன் செல்போனில் எடுத்த வீடியோக்கள் இருந்தன. ஒன்றில் அப்பாவின் வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோய், அவர் வாயைத் திறந்ததும் பின்னால் இழுக்கிறார். "குரைச்சாதான் சாப்பாடு. எங்க, குரை பாக்கலாம்" என்கிறார். அப்பா குரைக்கப் பார்க்கிறார். கூடவே அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்கிறது. இன்னொன்றில் நனைந்த விரிப்பை மாற்றாமல், போர்வையை விலக்கிப் படம் எடுத்திருந்தார். பாத்ரூமில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வீடியோக்கள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. தவறுதலாக அந்தப் பொது ஃபோல்டரில் போட்டதை அறிந்து அண்ணன் கீழே அழிக்கிறார் என்று புரிந்தது. பழைய கம்ப்யூட்டரை அணைக்கும் முன்பே அதிலும் அவை வந்திருக்கும் என்று நினைத்து அப்பா அறைக்கு ஓடினேன். அப்படியே ஆன் செய்தால் அதிலும் அழிந்துவிடும் என்பதால், முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். எல்லாம் இருந்தன. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கையில் அண்ணி வந்து, "சும்மா விளையாட்டுக்கு எடுத்ததும்மா. அவருக்கு என்ன தெரியப் போகுது? வெளிய சொன்னா நம்ம மானம்தான் போகும்" என்றார். நான் ஏற்றி முடித்து பென்டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸை வரவழைத்து அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முதுகில் புண் வைத்திருப்பதாகவும் உடல் மிகவும் இளைத்திருப்பதாகவும் டாக்டர் சொன்னார். அதன் பிறகு பென்டிரைவையும் பழைய கம்ப்யூட்டரையும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.

இன்று விசாரணைக்கு வந்த அண்ணன், வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்னைத் தவிர வேற யாரு பாத்தாங்க?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன். சமாதானமாகப் போக எனக்குச் சம்மதமில்லை.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்)
பெரியவரின் மகள்